ஆடி அமாவாசை மீன்

குசினிக்குள்ளிருந்து மீன் வாசம் வரவில்லை. வந்து இந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த நேரம் தொட்டு சபாநேசன் அதைத்தான் மோந்து பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருசம் பேப்பருக்குச் செய்தி எழுதிய மூக்கு, எத்தனையோ அமைச்சர்மாரின் பொய்யை வாசலிலேயே மோந்து பிடித்த மூக்கு என்று தன்னைத்தானே புளுகிக்கொள்ளும் மூக்கு, இன்றைக்கு ஒரு துண்டு விளைமீனுக்காக ஏங்கிக்கொண்டிருந்தது. பருப்பு அவிகிற வாசம் வந்தது. பூசணிக்காய்க்குத் தேங்காய்ப்பால் விட்ட வாசம் வந்தது. வாழைக்காயோ என்னவோ எண்ணெய்க்குள் விழுகிற சத்தம் கேட்டது. மீன் மட்டும் இல்லை. காலமையே குழம்பை வைத்து இறக்கி மூடிவிட்டாளாக்கும், ஆறின குழம்பு இவ்வளவு தூரம் மணக்காதுதானே என்று மனம் கலாமதிக்காக வாதாடியது. கலாமதி ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மீன் சமைக்கிறவள். தகப்பன் செத்துப்போன வீடுகளெல்லாம் விரதம் பிடித்து, கீரிமலையில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு மரக்கறியோடு சாப்பிடுகிற நாளில், அளவெட்டியின் இந்த ஒழுங்கையில் இந்த ஒரு குசினியிலிருந்து மட்டும் மீன்குழம்பு வாசம் வேலிக்கு மேலால் போகும். போகவேண்டும் என்றுதான் அவள் சமைப்பாள். என்ரை பிள்ளையின்ரை தேப்பன் உயிரோடை இருக்கிறார், நாங்கள் ஏன் விரதம் பிடிக்கவேணும் என்று அயலட்டைக்குச் சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. சண்டை முடிந்த அன்று ஆமியிடம் சரணடைந்து பஸ் ஏறிய மனுசன், பரஞ்சோதி. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இடுப்பில் அப்போது அவள் வைத்திருந்த பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது, அவளும் வருசம் தவறாமல் மீன் சமைத்துக்கொண்டு வந்தாள். போன கிழமை போன் எடுத்து, வாற வியாழக்கிழமை மத்தியானம் எங்கடை வீட்டை சாப்பிட வாங்கோ அண்ணை என்றாள். சபாநேசனும் ஓமென்று சொல்லிவிட்டார், அது என்ன நாள் என்று யோசிக்காமல்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. சனமெல்லாம் தோளில் துவாயும் கையில் மாற்று வேட்டியுமாக நெருக்கிக்கொண்டு நின்றது. ஏன் இன்றைக்கு இவ்வளவு பேர் கீரிமலைக்குக் குளிக்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிசம் யோசித்தார் பாருங்கள், அதுதான் அவருக்கே தாங்க முடியாமல் போனது. பஸ் நிலையத்தில் நின்றபடி தின்ற மீன் பற்றீஸ் வயிற்றுக்குள் கிடந்தது. அவருடைய அப்பாவும் செத்தவர்தான். பிள்ளைகள் சுற்றி நிற்க, தேவாரம் பாட, பால் பருக்க, ஒரு குறையும் இல்லாமல் கட்டிலில் செத்தவர். திகதி இருக்கிறது, திதி இருக்கிறது, சாம்பல் கரைத்த இடம் இருக்கிறது, எல்லாம் இருந்தும் அவருடைய மூத்த மகன் அவர் நாளில் மீன் பற்றீஸ் தின்றுவிட்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மற்றவன் வீட்டுச் சாவைத் தேடித் திரிகிறவனுக்குத் தன் வீட்டுச் சாவு மறந்துபோகிறது என்று மனுசி கேட்டால் வாயைத் திறக்க முடியாது, நல்ல வேளை அவள் கேட்பதை விட்டுக் கனகாலம். ஆனால் நாள் தெரிந்ததும் முதலில் வந்தது வெட்கம் இல்லை, பயம். ஏன் கலாமதி இந்த நாளில் கூப்பிட்டாள்? மீன் சாப்பிடக் கூப்பிட்டாளா? வந்து பாருங்கோ அண்ணை, இந்த வருசமும் நான் மீன்தான் சமைச்சிருக்கிறன், பேப்பரிலை போடுங்கோ என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாள். அப்படித்தான் இருக்கவேண்டும். மல்லாகம் தாண்டும் வரை அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏனென்றால் பரஞ்சோதி செத்துப்போனது சபாநேசனுக்குத் தெரியும். ஒரு மாதமாகத் தெரியும். கலாமதிக்குத் தெரியாது. சொல்லமாட்டேன் என்று ஒரு மனுசனுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த மனுசன் தெற்கில், பெயரை மனசுக்குள் கூடச் சொல்ல அவர் பயப்படுகிற ஒரு ஊரில், வீட்டுக்குப் பின்னால் றம்புட்டான் மரம் வைத்துக்கொண்டு இளைப்பாறிக்கொண்டிருக்கிறான். ஒரு காலத்தில் சார்ஜன்ட். அந்த பஸ்ஸோடு காவலுக்குப் போனவன். அவனைக் கண்டுபிடிக்க எத்தனை பேரின் கையைக் காலைப் பிடித்தார், எத்தனை தரம் போய்க் கேற்றடியில் நின்று திரும்பினார் என்பதெல்லாம் இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. கடைசியில் கூப்பிட்டு இருத்தி, ஒரு தட்டு நிறைய றம்புட்டானைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான். சிங்களத்தில், மெல்ல, கல்யாண வீட்டுக்கு வழி சொல்கிறவனைப் போல அவ்வளவு ஒழுங்காகச் சொன்னான். பஸ் எங்கே திரும்பியது, எந்தத் தென்னந்தோட்டத்தில் நின்றது, யார் முதலில் இறக்கச் சொன்னது. அவன் சொல்லச் சொல்ல சபாநேசனின் கை தன்பாட்டில் றம்புட்டானை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. உரிக்காதே, தின்னாதே என்று மூளை சொல்கிறது, கை கேட்கவில்லை. நல்ல இனிப்பு. கொட்டைகளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கிவைத்தார். ஒருவரும் மிச்சமில்லை என்றான் அவன். பிறகு, கேட்காமலே, ஒரு ஆளை மட்டும் மறக்க முடியவில்லை என்றான். நல்ல சிங்களம் கதைத்தவர், கொழும்பில் மருந்துக்கடையில் வேலை செய்தவராம், மற்றவர்களுக்காகத் தண்ணீர் கேட்டார், தனக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு ஒரு பக்கக் கால் இல்லை, கறுப்பு நூலால் காதோடு கட்டியிருந்தார். சபாநேசனின் கை அப்போதுதான் நின்றது. அந்தக் கறுப்பு நூலை அவருக்குத் தெரியும். பங்கருக்குள் இருந்து நான்தான் கட்டிவிட்டனான், சட்டைப் பொத்தான் தைக்கிற நூல் என்று கலாமதி எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். அவருக்குச் சிங்களம் நல்லாத் தெரியும் அண்ணை, அதாலை அவருக்கு ஒண்டும் நடந்திராது என்றும் சொல்லியிருக்கிறாள். அந்த நல்ல சிங்களத்தில்தான் மனுசன் தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் கொடுத்தீர்களா என்று சபாநேசன் கேட்டார். சார்ஜன்ட் றம்புட்டான் தட்டைப் பார்த்தான். இதை நான் செத்த பிறகுதான் எழுதவேண்டும், அதுவரைக்கும் ஒருவருக்கும், உன் பெண்சாதிக்கும், செத்தவனின் பெண்சாதிக்கும் சொல்லக்கூடாது, எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றான். இவரும் சரியென்றார்.

சரியென்று சொன்ன வாயைக் கொண்டுபோய் எங்கே கழுவுவது. அவனுக்கு நெஞ்சில் வருத்தம், ஒப்பரேசனுக்குக் காத்திருக்கிறான், அதைத் தெரிந்துகொண்டதிலிருந்து சபாநேசன் கிழமைக்கொரு தரம் போன் எடுத்துச் சுகம் விசாரிக்கிறார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா, மூச்சு எப்படி, படி ஏறினால் இளைக்கிறதா. என் சொந்தச் சகோதரன் கூட இப்படிக் கேட்பதில்லை என்று போன தடவை அவன் குரல் தழுதழுத்தது. இளைக்கிறது என்று அவன் சொன்னால் இந்தப் பக்கம் ஒரு சின்னச் சந்தோசம் எட்டிப் பார்க்கிறது, அதை அவனுக்கு எப்படிச் சொல்வது. ஒரு கொலைகாரனின் சாவுக்காகக் காத்திருக்கிற இன்னொருவன், கையில் பேனையோடு. அதுவும் எழுதினால் என்ன நடக்கும்? ஒரு வாய்ச் சொல்லை வைத்து எப்படியப்பா போடுறது, ஒரு கடுதாசி இருக்கோ, ஒரு கையெழுத்து இருக்கோ என்று ஆசிரியர் கேட்பார். கடுதாசிக்கு அவர் எங்கே போவது. தகவல் அறியும் சட்டம் வந்த முதல் வருசமே விண்ணப்பம் போட்டவர் அவர். பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களைப் பற்றிய தகவல் வேண்டும் என்று கேட்டார். அப்படியொரு தகவல் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. மேன்முறையீடு செய்தார். அந்தத் தகவலை வெளியிடுவது தேசியப் பாதுகாப்புக்குப் பாதகமானது என்று அடுத்த பதில் வந்தது. இல்லாத தகவல் எப்படி ஐயா பாதுகாப்புக்குப் பாதகமாகும் என்று விசாரணையில் எழும்பிக் கேட்டார், அந்த அதிகாரி, நல்ல பெடியன், கோபப்படவே இல்லை, உங்கள் கேள்வியைக் குறித்துக்கொள்கிறோம் என்றான். குறித்துக்கொண்டார்கள். அவரையும் குறித்துக்கொண்டார்கள். பிறகுதான் புலனாய்வுக்காரன் ஒருவன் சிவில் உடுப்பில் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினான். சேர் சுகமா, சும்மா இந்தப் பக்கம் வந்தனான், தேத்தண்ணி குடிக்கலாமெண்டு. சேரின்ரை மகள் இப்ப பெரிய கிளாஸ் என்ன.

வெளியே ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் ஒன்று வந்து வேகம் குறைந்தது. சபாநேசனின் முதுகு தன்பாட்டில் நிமிர்ந்தது. போனது. பால்காரனாக இருக்கலாம், யாராகவும் இருக்கலாம், வேகம் குறைந்தது மேட்டுக்காகவும் இருக்கலாம். இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதே பயம், தான் ஆபத்தைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்து இவர்களின் வாசலில் தட்டிவிட்டுப் போகிறேனோ என்று. குசினிக்குள் எண்ணெய்ச் சத்தம் மாறிவிட்டது, இப்போது வேறு ஏதோ பொரிகிறது, ஒரு பச்சைக் கைப்பு மணக்கிற மாதிரி. பாகற்காயாக இருக்கும். பாகற்காய்தான். பாகற்காயை மீனோடும் சாப்பிடலாம். சுவரில் பரஞ்சோதியின் படம் இருந்தது, கல்யாண நாள் படம், கண்ணாடி இரண்டு காலோடும் இருக்கிற காலம். மாலை இல்லை, பொட்டு இல்லை, முன்னால் விளக்கு இல்லை. உயிரோடு இருக்கிறவனின் படம். அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர் கலண்டரைப் பார்த்தார். கலண்டரில் இன்றைய நாளைச் சுற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை. அதில் ஒரு ஆறுதல். இப்படியான ஆறுதல்களில்தான் ஒரு மாதமாக ஆள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பஸ்ஸில் ஏறேக்கை, வாறன் கலா எண்டு சொல்லிப்போட்டுத்தான் ஏறினவர். இதைத்தான் அவள் ஒவ்வொரு பேட்டியிலும் கடைசியாகச் சொல்வாள். ஓடச் சொல்லி ஆமிக்காரன் கத்துறான், சனம் இடிக்குது, அதுக்கை நிண்டு திரும்பி, வாறன் எண்டவர். அவர் சும்மா சொல்லுற ஆளில்லை. இதையும் எழுதுங்கோ அண்ணை. சபாநேசன் ஒவ்வொரு முறையும் எழுதினார், பக்கம் அமைக்கிறவர்கள் இடம் போதாது என்று ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி வரியைத்தான் வெட்டினார்கள். வாறன் என்று சொல்லிவிட்டுப் போவதில் என்ன செய்தி இருக்கிறது, எல்லாரும்தானே சொல்கிறார்கள் என்று அங்கே இருந்த ஒரு கெட்டிக்காரன் கேட்டான். போன மாதம், தெற்கிலிருந்து வந்த பஸ்ஸால் இறங்கிய கையோடு, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கேதான் வந்தார். சொல்லத்தான் வந்தார். வாக்காவது மண்ணாங்கட்டியாவது, கொன்றவனுக்குக் கொடுத்த வாக்குக்கு என்ன மரியாதை என்று வவுனியா வரைக்கும் கோபமாக இருந்தது. கிளிநொச்சியில் அந்தப் பிள்ளையை நினைத்தார், சார்ஜன்டின் மகளை, கண்டதே இல்லை. ஆனையிறவில் தன் மகளை நினைத்தார். அளவெட்டியில் இறங்கும்போது ஒரு முடிவும் இல்லை. இதே கதிரையில்தான் இருந்தார். கலாமதி தேத்தண்ணி தந்தாள், மகன் ஆரூரனைத் தொழில்நுட்பக் கல்லூரியில் எடுத்துவிட்டார்கள் என்றாள், பிறகு வழமையாகக் கேட்கிறதைக் கேட்டாள். ஏதும் புதினமோ அண்ணை? ஒண்டும் இல்லைப் பிள்ளை என்றார். அவ்வளவு இயல்பாகச் சொன்னார். கண் கூடத் தாழவில்லை. அந்த ஒண்டும் இல்லையைச் சொன்ன விதத்தில், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவருக்கு ஒரு பெருமையே இருந்தது. இத்தனை அதிகாரிகள் தனக்குச் செய்ததைத் தானும் அழகாகச் செய்யப் பழகிவிட்டேனே என்று. பிறகு எப்படி எழும்பினார், எப்படி ஒழுங்கைக்கு வந்தார் என்பது ஞாபகத்தில் இல்லை. மதகடியில் நின்று வாந்தி எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இன்றைக்குச் சொல்லிவிடலாமா. பஸ்ஸில் வரும்போது இரண்டு வசனம் தயார் செய்து வைத்திருந்தார். பிள்ளை, நான் ஒரு ஆளைச் சந்திச்சனான். அது முதல் வசனம். இரண்டாவது ஒவ்வொரு தரம் சொல்லிப் பார்க்கும்போதும் மாறிக்கொண்டே இருந்தது. சொன்னால் இவள் கத்துவாள், அயல் கூடும், நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும், மறுநாள் சிவில் உடுப்புக்காரன் தேத்தண்ணி குடிக்க வருவான், யார் சேர் சொன்னது என்று சிரித்துக்கொண்டே கேட்பான், றம்புட்டான் மரத்தடிக்கு ஒரு வாகனம் போகும். சொல்லாவிட்டால் இவள் அடுத்த வருசமும் மீன் சமைப்பாள். அதற்கடுத்த வருசமும். அந்தப் பெடியன் தகப்பனுக்கு ஒரு கை தண்ணீர் இறைக்காமலே கிழவனாவான். கேட்ட தண்ணீர் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அரசாங்கம் இத்தனை வருசம் செய்ததைத்தானே இப்போது நீயும் செய்கிறாய் சபாநேசா, உனக்கென்று ஒரு தேசியப் பாதுகாப்பு. மீன் வாசம் வராதா. வந்தால் எல்லாம் நேராகிவிடும். நல்ல குழம்பு பிள்ளை என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சக் காலம் போகட்டும் என்று போய்விடலாம். ஒரு துண்டு மீனுக்காக இவ்வளவு மன்றாடுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

படலை திறந்தது. ஆரூரன். தலை ஈரமாக, துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தான். சபாநேசனைக் கண்டதும் நின்றான், தலையை ஒரு தரம் ஆட்டினான், அம்மா என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தான்.

"முழுகிப்போட்டு வந்திட்டன். வேறை ஒண்டும் செய்யேல்லை. மாமா வந்திருக்கிறார்."

"கண்டனான். நில்லு வாறன்," என்றாள் கலாமதி உள்ளேயிருந்து.

வேறை ஒண்டும் செய்யேல்லை. அதைச் சபாநேசன் மனசுக்குள் பிடித்து வைத்துக்கொண்டார். கீரிமலைக்குப் போயிருக்கிறான், முழுகியிருக்கிறான், ஐயரிடம் போகவில்லை, எள் இறைக்கவில்லை. சும்மா குளிக்கவும் போகலாம்தானே. இளந்தாரிப் பெடியன்கள் கேணியில் குதிக்கப் போகிறதில்லையா. கலாமதி வெளியே வந்தாள். கையில் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் கொஞ்சச் சோறு, சோற்றைச் சுற்றி எல்லாக் கறியிலும் கொஞ்சம் கொஞ்சம். ஓரத்தில் கரும்பச்சையாகப் பொரித்த வட்டங்கள். பாகற்காய் இல்லை, காத்தோட்டிக்காய். வருசத்தில் இந்த ஒரு நாளைக்கு மட்டும் சந்தையில் குவிக்கிற காய், தகப்பன் இல்லாத வீடுகள் மட்டும் வாங்குகிற காய். நெற்றியில் குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, இதைக் காகத்துக்கு வைக்கட்டோ?"

சபாநேசனுக்கு முதலில் வாயில் வந்தது, "இண்டைக்கு மீன் வாங்கேல்லையோ?" என்பதுதான்.

"வாங்கினனான். பிரிட்ஜுக்குள்ளை கிடக்கு, வெட்டிக் கழுவி வைச்சிருக்கிறன். நீங்கள் வேண்டாமெண்டாச் சொல்லுங்கோ, இதைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டிட்டு மீனை வைக்கிறன். கன நேரம் செல்லாது."

"ஏன் பிள்ளை என்னட்டைக் கேக்கிறீர்?"

அவள் மகனைப் பார்த்தாள். அவன் துவாயின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான்.

"போன மாதம் வந்த நேரம் நீங்கள் சொல்லாமல் எழும்பிப் போனீங்கள்," என்றாள் கலாமதி. "தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கோப்பையை உதிலை வைச்சனீங்கள். எழும்பினீங்கள். நான் இந்தக் கதவடியிலைதான் நிண்டனான். வாறன் எண்டு சொல்லேல்லை. படலையைச் சாத்தேக்கையும் திரும்பிப் பாக்கேல்லை. இத்தினை வருசத்திலை நீங்கள் ஒருநாளும் அப்பிடிப் போகேல்லை அண்ணை. செத்தவீட்டிலையிருந்துதான் அப்பிடிப் போறது."

சபாநேசன் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறந்துபோனீங்களாக்கும் எண்டுதான் முதல் நினைச்சனான். ஒரு மாதமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். மறந்ததெண்டாச் சொல்லுங்கோ. நான் நம்புவன்."

நம்புவாள். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஐயோ பிள்ளை, அண்டைக்குப் போன் ஒண்டு வந்தது, அந்த அவசரத்திலை எழும்பி ஓடிட்டன், உதையோ போட்டு மண்டைக்கை வைச்சிருக்கிறீர் என்று சிரித்தால் போதும். இந்த இலை மாட்டுக்குப் போகும், மீன் அடுப்புக்கு வரும், வேலிக்கு மேலால் வாசம் போகும், பரஞ்சோதி இன்னும் ஒரு வருசத்துக்கு உயிரோடு இருப்பார். சார்ஜன்டும் இருப்பான். அவனுடைய மகளும் தன்னுடைய மகளும் பத்திரமாக இருப்பார்கள். ஒரே ஒரு பொய், அதுவும் சின்னப் பொய், போன் வந்தது என்று. அதிகாரிகள் எவ்வளவு பெரிய பொய்யை எவ்வளவு லேசாகச் சொன்னார்கள். அவருக்குத் தொண்டைக்குள் றம்புட்டான் இனிப்பு வந்தது. வாயைக் கட்டி வைத்தேன், முகத்தைக் கட்டி வைத்தேன், கண்ணைக் கூட ஒழுங்காக வைத்தேன், பிறகு செத்தவீட்டுக்கு வந்தவனைப் போலக் கால் எழும்பிப் போயிருக்கிறது. சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாளே, செத்தவீடடா, சொல்லாமல் வா என்று, அதைக் கால் மறக்கவில்லை. எந்த ஆசிரியரும் வெட்டாத, எந்த அமைச்சும் மறுக்காத செய்தி அது. ஒரு மாதத்துக்கு முன்னமே வெளியாகிவிட்டது. இவள் ஒருத்திதான் வாசித்தாள். வாசித்துவிட்டு, பிழைதிருத்தம் ஏதும் வருமோ என்று ஒரு மாதம் காத்திருக்கிறாள். அவளுடைய கையில் இலை ஒரு பக்கம் சரிந்தது, ஒரு பருக்கை சோறு நிலத்தில் விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் விழுந்துவிடும் என்று அவருக்குப் பட்டது.

"வையும் பிள்ளை," என்றார்.

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று அவர் பயந்ததெல்லாம் அவருடைய பயம்தான்.

"கண்ணாடி போட்டிருந்தவரோ?" என்று கேட்டாள்.

"ஓம். நூல் கட்டினது."

அவள் தலையை ஆட்டினாள். கன நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள், யாரோ இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறதைக் கேட்கிறவள் மாதிரி. பிறகு இலையை மகனிடம் கொடுத்தாள். ஆரூரன் அதை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, நின்றான். இனி என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவன் காகத்தைக் கூப்பிட்டதில்லை. பிறகு, கூச்சத்தோடு, குரல் எழும்பாமல், கா என்றான். இன்னொரு தரம் கா, கா என்றான். ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு ஊரில் எல்லா வீட்டிலும் சோறு, காகங்களுக்கு வயிறு நிறைந்திருக்கும். அவன் விடாமல் கூப்பிட்டான். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ குரல் உடைந்து பெரிதாக வந்தது. பக்கத்து வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. பின்வளவில் யாரோ ஒரு மனுசி, ஆரது, கலா வீட்டிலையோ என்று கேட்டாள். ஒரு காகம் வேலியில் வந்து இருந்து, தலையைச் சரித்துப் பார்த்து, மெல்ல இறங்கியது. முதலில் காத்தோட்டிக்காயைத்தான் கொத்தியது, பிறகு அதைப் போட்டுவிட்டுச் சோற்றைக் கொத்தியது.

கலாமதி அவருக்கு இலை போட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. எல்லாக் கறியும் வைத்தாள், காத்தோட்டிக்காயை இரண்டாம் தரமும் வைத்தாள். எங்கை என்று கேட்டாள், தென்னந்தோட்டம் என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. யார் சொன்னது என்று கேட்கவில்லை, அதற்காக அவளைக் கும்பிடலாம் போல இருந்தது, தண்ணீர் கேட்டதை அவர் சொல்லவில்லை, அதற்காகத் தன்னை என்ன செய்வது என்று தெரியவில்லை. காய் கைத்தது. நாக்கின் அடியில் போய் நின்றுகொண்டு கைத்தது. மெல்ல மெல்ல இன்னும் கைத்தது, இலையில் இருந்ததை எல்லாம் தின்று முடித்தார். காலமை தின்ற மீன் பற்றீஸை யோசித்தார், அப்பாவை யோசித்தார், போய் ஆசிரியரிடம் என்ன சொல்வது, சார்ஜன்டுக்கு இந்தக் கிழமை போன் எடுப்பதா விடுவதா, மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர யாரை அனுப்புவது என்றெல்லாம் ஓடியது, ஓடியது எல்லாம் திரும்பி வந்து வாயில் நின்ற கைப்பில் முட்டியது. ஆரூரன் சாப்பிடவில்லை. கிணற்றடியில் காகத்தைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். கலாமதி பரஞ்சோதியின் படத்தைச் சுவரால் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மேசையில் நிமிர்த்தி வைத்தாள். நெற்றிப் பொட்டை அவள் தொடவில்லை.

கை கழுவிவிட்டு வந்து சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். பையை எடுத்தார். பழக்கம் பொல்லாதது, ஒரு மாதத்துக்கு முன்னர் வராத அந்தச் சொல் இப்போது நாக்கு நுனியில் வந்து நின்றது. கதவடியில் திரும்பினார். கலாமதி அதே இடத்தில், அன்றைக்கு நின்றேன் என்று சொன்ன இடத்தில் நின்றாள்.

"பிள்ளை, நான்..."

"சொல்லாதேங்கோ அண்ணை," என்றாள். "இண்டைக்குத்தான் எங்கடை வீட்டிலை செத்தவீடு."

சபாநேசன் முற்றத்தைத் தாண்டிப் படலையைத் திறந்தார். வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல், கையைப் பின்னால் விட்டு அதைச் சாத்தினார். ஒழுங்கையில் பக்கத்து வீட்டுச் சனம் இரண்டு பேர் வேலியடியில் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் ஒன்றும் சொல்லாமல் பஸ் வருகிற பக்கமாக நடந்தார்.